ஐரோப்பா கேட்கும் கேள்வி, ஆம்பூர் கேட்க வேண்டிய கேள்வி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பகுதிகளில் தயாராகும் தோல் காலணிகளுக்கு ஐரோப்பாதான் பெரிய சந்தை. அந்தக் காலணிகளைத் தைக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. அவர்களில் கணிசமானோர் தலித்துகள். ஐரோப்பிய அரசுகள் பெண் சமத்துவத்துக்காக என்ன சட்டம் போட்டால் நமக்கென்ன என்று யாரேனும் கேட்டால், நம் காலனித் தெருவில் அப்பர் தைத்துக்கொண்டிருக்கும் பெண்ணைத்தான் பதிலாகக் காட்ட வேண்டும்.

எல்லாத் துறைக்கும் ஒரே கேள்வி

1995இல் பெய்ஜிங்கில் நடந்த ஐ.நா. பெண்கள் மாநாடு ஒரு கருத்தை முன்வைத்தது. பெண்களுக்கென்று ஒரு துறையும் சில திட்டங்களும் மட்டும் போதாது. சாலை, வரி, வேளாண்மை, தொழில் என எந்தக் கொள்கையை வகுத்தாலும் ‘இது பெண்களை எப்படிப் பாதிக்கும்?’ என்று முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பதே அது. 1997இல் கையெழுத்தாகி 1999இல் நடைமுறைக்கு வந்த ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தத்தின் மூலம் ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தன் அடிப்படைக் கடமையாக்கிக்கொண்டது.

இது நமக்குப் புரியாத தத்துவம் அல்ல. தமிழ்நாட்டில் 2021 முதல் பெண்கள் நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். அது போக்குவரத்துத் துறையின் முடிவு. ஆனால், கூலி வேலைக்குப் போகும் பெண்ணின் கையில் மாதக் கடைசியில் மிஞ்சும் பணத்தை அது மாற்றியது. போக்குவரத்துக் கொள்கையும் பெண்கள் கொள்கைதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் இந்த வழியில் சில உறுதியான சட்டங்கள் வந்தன. 2023இல் நிறைவேறிய ஊதிய வெளிப்படைத்தன்மைச் சட்டம் அவற்றில் முக்கியமானது. நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் ஆண், பெண் ஊதிய வேறுபாட்டைப் படிப்படியாக வெளியிட வேண்டும். வேலைக்கு விண்ணப்பிப்பவர் சம்பளம் எவ்வளவு என்று முன்பே தெரிந்துகொள்ளலாம். உறுப்பு நாடுகள் 2026 ஜூன் 7க்குள் இதைத் தங்கள் சட்டமாக்க வேண்டும்.

அதற்காக ஐரோப்பா எல்லாவற்றையும் சாதித்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஒன்றியத்தின் வரவு-செலவில் பெண் சமத்துவம் போதிய அளவு இடம்பெறவில்லை என்று அதன் சொந்தத் தணிக்கை மன்றமே 2021இல் சுட்டிக்காட்டியது. ஒப்பந்தத்தில் எழுதிவைத்து இருபது ஆண்டுகள் கடந்தும் இதுதான் நிலை. பெண்களுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற கணக்கு இல்லாத இடத்தில் கொள்கை காகிதமாகவே நின்றுவிடுகிறது.

‘பெண்’ என்ற ஒற்றைச் சொல்

இன்னொரு குறையும் உண்டு. ‘பெண்’ என்று ஒரே சொல்லில் எல்லாரையும் அடக்கும்போது, முதலில் பயன் பெறுபவர் ஏற்கெனவே மேலே இருப்பவர்தான். ஐரோப்பாவில் ரோமா சமூகப் பெண்கள் இதை நீண்ட காலமாகச் சொல்லிவருகிறார்கள். பாலினமும் இனமும் சேர்ந்து தாக்கும் பாகுபாட்டை 2023 ஊதியச் சட்டம் வரையறுத்திருப்பது அந்தக் குரல்களுக்குக் கிடைத்த பலன். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2013 அக்டோபரில் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துத் தனித் தீர்மானமே நிறைவேற்றியது. ஆனால், தீர்மானம் சட்டம் ஆகாது.

பட்டியலில் இல்லாத தொழிலாளி

நம் தோல் தொழிலுக்கு ஒரு படிக்கட்டு உண்டு. பச்சைத்தோலும் ரசாயனமும் புழங்கும் டேனரி வேலையில் தலித் ஆண்கள். ஷூ கம்பெனியில் தையல் இயந்திரத்தின் முன் பெண்கள். அதற்கும் கீழே, ஏஜென்ட் கொண்டுவந்து கொடுக்கும் அப்பரை வீட்டுத் திண்ணையில் கையால் தைக்கும் பெண்கள். இவர்களுக்குக் கூலி ஜோடிக் கணக்கில். வருங்கால வைப்புநிதி இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, மகப்பேறு விடுப்பு இல்லை. விரலில் ஊசி குத்தினால் மருந்துச் செலவும் அவர்களுடையதே.

சட்டம் இவர்களை அறியாதது அல்ல. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், பொருளை வீட்டுக்கு வாங்கிச் சென்று செய்து தருபவரையும் தொழிலாளி என்றே வரையறுத்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் ‘வீடுசார் தொழிலாளர்’ என்ற வரையறை இருக்கிறது. வீடுசார் வேலைக்கான 1996ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கையை மட்டும் இந்தியா இன்னும் ஏற்கவில்லை. ஆக, சட்டத்தில் பெயர் இருக்கிறது. கம்பெனியின் பதிவேட்டில்தான் இல்லை.

தங்கள் விநியோகச் சங்கிலியில் மனித உரிமை மீறல் உள்ளதா என்று பெரிய நிறுவனங்களே ஆராய வேண்டும் என்ற சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே தொழில் துறையின் அழுத்தத்தால் காலக்கெடுவைத் தள்ளிவைத்து, சட்டத்தைத் தளர்த்தும் வேலையும் தொடங்கியது. சட்டம் முழுதாக வந்தாலும், ஆய்வுக்கு வருபவர் கம்பெனி வாசலோடு திரும்பிவிட்டால் திண்ணையில் இருப்பவர் கண்ணில் படமாட்டார். பதிவேட்டில் இல்லாதவருக்கு எந்த நாட்டுச் சட்டமும் உதவாது.

நம் அரசிடம் இரண்டு கோப்புகள்

தமிழ்நாடு அரசு 2024இல் மாநில மகளிர் கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்குத் தனிச் சட்டமும் இயற்றியது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால், இரண்டும் இரண்டு துறைகளின் கோப்புகளாக இருக்கும்வரை தலித் பெண் அவற்றின் இடைவெளியில் விழுந்துவிடுவார். செயல்திட்ட நிதியில் பெண்களுக்கு எவ்வளவு? மகளிர் திட்டங்களில் தலித் பெண்களுக்கு எவ்வளவு? மாவட்ட வாரியாக இந்த இரண்டு எண்களையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

பாலாற்று வழக்கையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். டேனரிக் கழிவு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டியது. 2025 ஜனவரியில் அதே விவகாரத்தில் மீண்டும் உத்தரவிட வேண்டிய நிலை. கிணறு கெட்டபோது நிலம் வைத்திருந்தவர் விளைச்சலை இழந்தார். நிலமற்ற பெண் நடவுக் கூலியையும் இழந்தார், குடிநீருக்காகக் குடத்துடன் நடக்கவும் நேர்ந்தது. இழப்பை நிலத்தின் பரப்பைக் கொண்டு மட்டும் அளந்தால் அவருடைய இழப்பு எந்தக் கணக்கில் வரும்?

நாம் செய்யக்கூடியவை

கிராம சபையில் வீட்டில் தைக்கும் பெண்களின் பட்டியலைக் கேட்டுத் தீர்மானம் போடலாம். தோல் தொழிலாளர் நல வாரியத்திலும் இ-ஷ்ரம் தளத்திலும் பதிவுசெய்ய, கைப்பேசி கையாளத் தெரிந்த மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் போதும். பணியிடத்தில் பாலியல் தொல்லை என்றால், பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்பவரும் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம். 2013ஆம் ஆண்டின் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது.

ஏஜென்ட் தரும் ஜோடிக் கணக்கையும் கூலியையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நாளைக்குத் தொழிலாளர் துறை அதிகாரி வந்தாலும், ஐரோப்பியக் கம்பெனியின் ஆய்வாளர் வந்தாலும், நாம் எடுத்துக் காட்ட அந்த நோட்டுதான் முதல் ஆதாரம்.