சிறார் மூளைத்தண்டுப் புற்றுநோய்: பெற்றோரின் நன்கொடையில் வளர்ந்த ஆராய்ச்சி

சிறார்களின் மூளைத்தண்டில் உருவாகும் 'டிஐபிஜி' என்னும் அரியவகைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை அரை நூற்றாண்டுக்குப் பிறகு மெல்ல மாறி வருகிறது. இந்நோயை உள்ளடக்கிய கட்டி வகைக்கான டோர்டாவிப்ரோன் மருந்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் விரைவு அனுமதி அளித்தது. இத்துறையின் தொடக்க ஆய்வுகள் பலவற்றுக்கு, இந்நோயால் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் நிறுவிய அறக்கட்டளைகள் நிதி வழங்கியுள்ளன.

பெரும்பாலும் 5 முதல் 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளையே இந்நோய் தாக்குகிறது. சுவாசம், விழுங்குதல் போன்ற அடிப்படை இயக்கங்களுக்குரிய பகுதியில் நல்ல செல்களுடன் பின்னிப் பிணைந்து கட்டி வளர்வதால், அறுவை சிகிச்சை செய்து அகற்ற இயலாது. நிலவில் முதலில் கால்பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் இரண்டு வயது மகள் 1962-இல் இந்நோயால்தான் உயிரிழந்தார். இன்றும் பாதிக்கப்படுவோரில் ஏறத்தாழ பாதிப்பேர் ஓராண்டைக் கடப்பதில்லை. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சில நூறு குழந்தைகளுக்கே வரும் நோய் என்பதால், லாபக் கணக்குப் பார்க்கும் மருந்து நிறுவனங்கள் இதன்பக்கம் திரும்பவில்லை.

பணத்தைவிடப் பெரிய தடை வேறொன்று இருந்தது. மூளைத்தண்டிலிருந்து திசு எடுப்பது ஆபத்து எனக் கருதப்பட்டதால், ஆய்வகங்களில் சோதித்துப் பார்க்க இக்கட்டியின் செல்களே இல்லை. 2009-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மிஷேல் மோஞ்சே, உயிரிழந்த ஒரு குழந்தையின் கட்டித் திசுவை ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தார். அத்திசுவைத் தர இசைந்தவர்கள் அக்குழந்தையின் பெற்றோர். பின்னர் பல குடும்பங்கள் அவ்வாறே முன்வந்தன. பணமாகத் தரப்பட்ட எந்தக் கொடையும் இதற்கு ஈடாகாது. ஏறத்தாழ 80 சதவீதக் கட்டிகளில் ஹிஸ்டோன் மரபணுவில் ஒரே வகையான பிறழ்வு இருப்பதும் 2012-இல் தெரியவந்தது.

நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்களை மாற்றியமைத்துச் செலுத்தும் 'கார்-டி' சிகிச்சையை மோஞ்சே குழுவினர் 11 பேருக்கு அளித்து, முடிவுகளை 2024 நவம்பரில் வெளியிட்டனர். ஒன்பது பேரிடம் நரம்பியல் முன்னேற்றம் தென்பட்டது. நால்வருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. அவர்களில் ஒருவருக்கு முற்றிலும் மறைந்தது. மிகச் சிறிய குழுவினரிடம் நடந்த சோதனை இது என்பதை மறந்துவிடலாகாது.

டோர்டாவிப்ரோனின் கதை வேறு. வேறு புற்றுநோய்களுக்கான தேடலில் கிடைத்த இம்மூலக்கூறு, பிறழ்வுள்ள மூளைக் கட்டிகளில் செயல்படுவது பின்னரே தெரிந்தது. அனுமதிக்கு ஆதாரமான 50 நோயாளிகளில் 22 சதவீதத்தினருக்கே கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது; அப்பலன் நீடித்த இடைநிலைக் காலம் சுமார் 10 மாதங்கள். எனவே இதை நோய் தீர்க்கும் மருந்து எனக் கூற இயலாது. பெரிய அளவிலான உறுதிப்படுத்தும் சோதனையின் முடிவைப் பொறுத்தே அனுமதி நிலைக்கும்.

இதற்கிடையே, மருந்தின் உரிமையைக் கொண்டிருந்த கிமெரிக்ஸ் நிறுவனத்தை ஜாஸ் ஃபார்மசூட்டிகல்ஸ் 2025-இல் சுமார் 93.5 கோடி டாலருக்கு வாங்கியது. எவரும் முதலீடு செய்ய முன்வராத காலத்தில் நன்கொடை அளித்தோருக்கு, மருந்தின் விலை நிர்ணயத்தில் ஏதேனும் குரல் உண்டா? ஆய்வு நிதி ஒப்பந்தங்களிலேயே தீர்த்திருக்க வேண்டிய கேள்வி இது.

இந்தியாவில் கொடையுள்ளத்துக்குக் குறைவில்லை. ஆனால் புற்றுநோய்க்கென இணையத்தில் திரட்டப்படும் நிதி பெரும்பாலும் தனி நோயாளி ஒருவரின் மருத்துவமனைக் கட்டணத்துக்கே செல்கிறது. அது தவறன்று, எனினும் அடுத்த நோயாளிக்கு அதனால் புதிய சிகிச்சை பிறப்பதில்லை. பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை அரசு ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு வழங்க 2019-லேயே விதிகள் திருத்தப்பட்டன. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய, ரத்தப் புற்றுநோய்க்கான 'நெக்ஸ்கார்19' சிகிச்சை 2023-இல் அனுமதி பெற்றிருப்பதால், கார்-டி தொழில்நுட்பமும் நாட்டில் உள்ளது. அரிய கட்டிகளின் திசுக்களைப் பெற்றோர் ஒப்புதலுடன் சேகரித்துப் பாதுகாக்கும் பணிக்கு இந்நிதியில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டால், இங்குள்ள ஆய்வாளர்களும் 2009-இல் ஸ்டான்ஃபோர்டு தொடங்கிய இடத்திலிருந்து தொடங்க முடியும்.