பதில் போடுமுன் ஒரு டீ

'நேத்து எங்க போயிருந்தீங்க?'

மானேஜரிடமிருந்து வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு வரி வந்தால் என்ன அர்த்தம்? அக்கறையா, விசாரணையா, மெமோவுக்கு முன்னோட்டமா? நேரில் கேட்டிருந்தால் அவர் புருவத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். எழுத்துக்குப் புருவம் கிடையாது. சிக்கலே அதுதான்.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1982 செப்டம்பர் 19-ம் தேதி அமெரிக்காவில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஸ்காட் ஃபால்மேன், ஒரு முக்காற்புள்ளி, ஒரு சிறுகோடு, ஒரு அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிப்பு முகம் போட்டார். கம்ப்யூட்டர் அறிவிப்புப் பலகையில் எது ஜோக், எது சீரியஸ் என்று தெரியாமல் ஆட்கள் குழம்பியதுதான் காரணம். நாற்பது வருஷம் தாண்டியும் குழப்பம் தீரவில்லை. இப்போது கட்டைவிரல் பொம்மை ஒன்று வந்தாலே, 'சரி' என்கிறாரா, 'போதும், கிளம்பு' என்கிறாரா என்று மத்தியானம் வரை மண்டை காய்கிறது.

இந்த மாதிரி இரண்டுங்கெட்டான் செய்திக்கு என் வைத்தியம் சுலபம். கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தொனிக்குப் பதில் சொல்லாதீர்கள். 'பேங்க் வேலையா லீவு போட்டிருந்தேன் சார்.' அவ்வளவுதான். அப்புறமும் சந்தேகமா? எழுந்து போய் அவர் சீட்டருகே நின்று கேளுங்கள். புருவம் அங்கேதான் இருக்கிறது.

சந்தேகமே இல்லாமல் திட்டியிருந்தால்? அதுவும் குரூப்பில், நாலு பேர் பார்க்க? ஆத்திரத்தில் விரல் துடிக்கும்.

1863-ல் கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பிறகு, எதிரிப் படையைத் தப்பவிட்டுவிட்டாரே என்று தளபதி மீட் மேல் ஆப்ரகாம் லிங்கனுக்குக் கடுங்கோபம். நீளமாக ஒரு கடிதம் எழுதினார். கையெழுத்துப் போடவில்லை, அனுப்பவும் இல்லை. உறைக்குள் வைத்துவிட்டார். ஒரு யுத்தத்தையே நடத்தியவருக்கு அந்தப் பொறுமை இருந்தது.

நீங்களும் எழுதுங்கள், ஆனால் நோட்பேடில். அனுப்பியதைத் திரும்பப் பிடிக்க ஜிமெயில் கொடுப்பது அதிகபட்சம் 30 விநாடி. கோபம் ஆற அது பத்தாது. ஒரு டீயாவது வேண்டும். வாட்ஸ்அப்பில் அழித்தாலும், இவர் எதையோ அழித்தார் என்று அதுவே தண்டோரா போடும். டீ முடிந்ததும் அவரிடம் தனியாகப் பேசுங்கள்: 'தப்பு இருந்தா சொல்லுங்க சார், குரூப்ல வேணாம்.'

டீ குடிக்கக் கூடாத இடமும் ஒன்று உண்டு. கூட வேலை பார்க்கும் பெண்ணைப் பற்றி ஒருத்தன் குரூப்பில் அசிங்கமாக ஜோக் போடுகிறான். எங்கள் தெருத் தம்பி ஒருவன் என்னிடம் கேட்டான்:

''நான் சிரிக்கலியேண்ணே, சும்மாதானே இருந்தேன்?''

''நாப்பது பேர் சும்மா இருந்தா, அந்தப் பொண்ணுக்கு அது நாப்பது சிரிப்புடா!''

'இது வேணாம்ப்பா' என்று அங்கேயே ஒரு வரி போட்டால் போதும். ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 2013-ம் வருஷச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆபீஸில் இதை விசாரிக்கத் தனிக் கமிட்டி இருந்தாக வேண்டும். புகார் கொடுக்கச் சாதாரணமாக மூன்று மாதம் அவகாசம். கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. கொடுத்தால் சாட்சிக்கு நீங்கள் இருக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். மானேஜரைத் திட்டி நண்பனுக்கு அனுப்புமுன், மேலே யார் பெயர் இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு லிங்கனாலும் உதவ முடியாது!