இரண்டாவதாகப் பாடினால் மட்டமா?

சிவகங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது நாட்டரசன்கோட்டை.

கண்ணாத்தாள் கோவில் உள்ள ஊர். தை பிறந்ததும் செவ்வாய்ப் பொங்கலன்று நகரத்தார் குடும்பங்கள் கூடி, கோவிலுக்கு முன்னே வரிசையாகப் பானை வைத்துப் பொங்குகிற ஊர்.

இந்த ஊரில் இன்னோர் இடமும் உண்டு. அது கம்பர் சமாதி. கவிச்சக்கரவர்த்தி கம்பர் இங்கேதான் அடக்கமானார் என்று ஜனங்கள் போற்றுகிறார்கள். அந்த மண்ணில் ஒரு துளி எடுத்துக் குழந்தையின் நாக்கில் தடவும் வழக்கம் உண்டு. பிள்ளைக்குத் தமிழ் நன்றாக வரும் என்பது நம்பிக்கை.

காரைக்குடியில் 1939-ம் ஆண்டு சா.கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அந்தக் கழகம் நடத்தும் கம்பன் விழா, பங்குனி மாதம் அத்த நட்சத்திரத்தன்று இந்தச் சமாதிக்கு வந்து நிறைவு பெறுவது மரபு.

இத்தனை மரியாதையும் யாருக்கு?

முதலில் கதை சொன்னவருக்கு அல்ல! வால்மீகி பாடிவிட்ட கதையை மறுபடியும் பாடியவருக்கு!

கல்யாண வீட்டுத் தீர்ப்பு

இதே ஜனங்கள் கல்யாண வீட்டில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள்.

மேடையில் ஓர் இளம் பெண் பழைய பாட்டு ஒன்றைப் பாடுகிறாள். ஓர் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, கொஞ்சம் குழைத்து, தன் மனசுக்குப் பட்டபடி பாடுகிறாள். உடனே முன்வரிசையில் ஒரு பெரியவர் தலையை ஆட்டுகிறார். "தட்டிலே கேட்ட மாதிரி இல்லையே!" என்கிறார்.

அடுத்தபடியாக ஒரு பையன் வருகிறான். மூச்சு விடுகிற இடம்கூட மாறாமல் அப்படியே பாடுகிறான். "ஆகா, அசலே தோற்றது!" என்று அதே பெரியவர் கை தட்டுகிறார்.

டெலிவிஷன் பாட்டுப் போட்டிகளிலும் இதே கதைதான். "கண்ணை மூடினால் அவரே பாடுவது போல இருக்கிறது" என்பதுதான் அங்கே பெரிய பாராட்டு.

இது சரிதானா?

அவரே பாடுவது போலக் கேட்க வேண்டுமானால், அவர் பாடிய இசைத்தட்டே இருக்கிறதே! அந்தப் பையன் எதற்கு?

ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் பாடலாம். அப்படிப் பாடும்போது அவர் தன்னுடையதாக ஏதாவது கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்ததால் முதல் பாட்டையே மிஞ்சிய பாட்டுக்கள் உண்டு. அவற்றைப் 'போலி' என்று தள்ளுவது அநியாயம்.

கம்பர் என்ன செய்தார்?

கம்பர் வால்மீகியை வரிக்கு வரி தமிழில் எழுதியிருந்தால், நாட்டரசன்கோட்டையில் இன்று யாரும் மண் எடுக்க மாட்டார்கள்.

வால்மீகி ராமாயணத்தில் வில்லை ஒடிக்கும் முன்பு ராமனும் சீதையும் பார்த்துக்கொள்வதில்லை. கம்பர் பார்க்க வைத்தார். மிதிலை வீதியில் ராமன் நடந்து வருகிறான். மாடத்தில் சீதை நிற்கிறாள். இருவர் கண்ணும் சந்திக்கின்றன. அதற்குப் பிறகு வில் ஒடிகிறபோது கேட்கிறவன் நெஞ்சு படபடக்கிறது. இவன் ஒடிக்காவிட்டால் அவள் கதி என்ன?

ராவணன் சீதையைக் கவர்ந்து செல்லும் இடம் இன்னொன்று. வால்மீகியில் அவன் அவளைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பருக்கு அது பொறுக்கவில்லை. சீதை இருந்த குடிசையை, தரையோடு பெயர்த்து எடுத்துப் போனான் என்று பாடினார். தமிழ்நாட்டுத் தாய்மார்களின் மனசு அறிந்த புலவர்!

இத்தனை மாற்றங்கள் செய்தவர், முதல்வரை மறந்தாரா? இல்லை. இந்தக் கதையை வடமொழியில் முன்பே பாடியவர்கள் உண்டு, அவர்களில் முந்தியவர் சொன்னபடியே தமிழில் சொல்கிறேன் என்று நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனை என்று தம்மையே சொல்லிக்கொண்டார்.

அவ்வளவு பணிவாகச் சொல்லிவிட்டு, செய்ய வேண்டிய மாற்றத்தைத் துணிந்து செய்தார்.

மாடத்துப் பெண்ணின் பாட்டு

அந்த மிதிலைக் காட்சி கம்பரோடு நிற்கவில்லை.

18-ம் நூற்றாண்டில் சீர்காழி அருணாசலக் கவிராயர் ராமாயணத்தைக் கீர்த்தனையாகப் பாடினார். கம்பர் வழியையே பின்பற்றினார். மாடத்தில் நிற்பவளைக் கண்டு ராமன் வியக்கும் இடத்துக்கு 'யாரோ இவர் யாரோ' என்ற கீர்த்தனை.

காலம் ஓடிற்று. அவருடைய கீர்த்தனைகள் பலவற்றின் பழைய மெட்டுக்கள் மறைந்துபோயின. பாட்டு இருக்கிறது, மெட்டு இல்லை!

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் அரியக்குடி. அந்த ஊரில் 1890-ம் ஆண்டு பிறந்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், ராமநாடகக் கீர்த்தனைகளுக்குப் புதிய மெட்டு அமைத்துப் பாடினார். 'யாரோ இவர் யாரோ' கீர்த்தனையும் பழைய ராகத்தில் இன்று பாடப்படுவதில்லை. பைரவி ராகத்தில் டி.கே.பட்டம்மாள் பாடி, அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தார்.

வால்மீகியிடமிருந்து கம்பர். கம்பரிடமிருந்து கவிராயர். கவிராயரிடமிருந்து பட்டம்மாள். இதில் எது அசல், எது நகல்? முன்வரிசைப் பெரியவர் சொல்லட்டும்!

வேடன் பாடிய பாட்டு

அது சங்கீத மேடை. இனி நாடக மேடைக்கு வருவோம்.

சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளில் கோவில் திருவிழா என்றால் 'வள்ளி திருமணம்' நாடகம் இருக்கும். விடிய விடிய நடக்கும். கானகத்தில் வள்ளியைக் கண்டு முருகன் பாடும் 'காயாத கானகத்தே' என்ற பாட்டுக்காகவே தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

அந்தப் பாட்டைப் பாடிப் பெரும் புகழ் பெற்றவர் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. அவர் குரல் மேலே மேலே ஏறும், ஆனாலும் உடையாது. 1933-ம் ஆண்டு, 27 வயதிலேயே அவர் இறந்துபோனார். ஜனங்கள் கதறினார்கள். இனி அந்தப் பாட்டை யார் பாடுவது?

சோழவந்தான் பக்கத்துத் தென்கரையில் அப்போது ஒரு சிறுவன் இருந்தான். அவன்தான் டி.ஆர்.மகாலிங்கம். கிட்டப்பாவின் வழியிலேயே பாடி வளர்ந்தான். 1945-ம் ஆண்டு வந்த 'ஸ்ரீவள்ளி' படத்தில் முருகனாக நடித்து, அதே பாட்டைப் பாடினார் மகாலிங்கம்.

கிட்டப்பா மேடையில் பாடியவர். கடைசி வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்று குரலை வீசிப் பாடினார். மகாலிங்கமும் அந்த உச்சத்தைத் தொட்டார். ஆனால் அவருக்கு முன்னே மைக் இருந்தது. அதனால் வள்ளியிடம் நேரில் பேசுவது போல நெருங்கிக் குழையவும் முடிந்தது. பாட்டு ஒன்றுதான், கிட்டப்பாவிடம் அது கம்பீரம், மகாலிங்கத்திடம் அது காதல்.

இன்று அந்தப் பாட்டு என்றதும் பெரும்பாலோருக்கு நினைவு வருவது மகாலிங்கத்தின் குரல்தான். கிட்டப்பா பாடாமல் இருந்திருந்தால் அந்தக் குரலே வந்திராது என்பதும் உண்மை.

பாதியில் மாறிய குரல்

'ஸ்ரீவள்ளி' படத்தை எடுத்தவர் காரைக்குடி ஏ.வி.மெய்யப்பச் செட்டியார். இசைத்தட்டு வியாபாரம் செய்து காது பழகியவர்.

படத்தில் வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி. பாட்டுக்களையும் அவரே பாடியிருந்தார். மகாலிங்கத்தின் வெண்கலக் குரலுக்கு முன்னே அந்தக் குரல் எடுபடவில்லை. படம் வெளிவந்த பிறகுகூட மெய்யப்பச் செட்டியாருக்கு மனம் ஆறவில்லை. பி.ஏ.பெரியநாயகியை அழைத்தார். வள்ளியின் பாட்டுக்களை மறுபடி பாடச் செய்து, ருக்மிணியின் குரல் இருந்த இடத்தில் சேர்த்தார். படம் பிரமாதமாக ஓடிற்று!

இரண்டாவதாகப் பாடியது முதலில் பாடியதை வென்றதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டுமா?

ருக்மிணி மட்டம் என்று இதற்கு அர்த்தம் அல்ல. அவர் நல்ல நடிகை. பல ஆண்டுகள் நடித்துப் பெயர் எடுத்தவர். நடிப்பு வேறு, பாட்டு வேறு, அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் உண்டு

அமெரிக்காவில் ஓட்டிஸ் ரெடிங் என்ற பாடகர் 1965-ம் ஆண்டு 'ரெஸ்பெக்ட்' என்ற பாட்டை எழுதிப் பாடினார். உழைத்துவிட்டு வீட்டுக்கு வரும் ஆண், மனைவியிடம் மரியாதை கேட்கும் பாட்டு.

இரண்டு ஆண்டு கழித்து அரீத்தா பிராங்ளின் என்ற பெண் அதையே பாடினார். சில வார்த்தைகளை மாற்றினார். 'மரியாதை' என்ற அந்த வார்த்தையை எழுத்து எழுத்தாக உச்சரித்தார். அவ்வளவுதான், பாட்டே திரும்பிவிட்டது! இப்போது மரியாதை கேட்பவள் பெண். உரிமைக்காகப் போராடிய கறுப்பு இன மக்களும், பெண்களும் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

ரெடிங் கோபித்துக்கொண்டாரா? இல்லை. 1967-ம் ஆண்டு ஒரு பெரிய கச்சேரியில், இந்தப் பாட்டை ஒரு பெண் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுத்தான் பாடினார். பெரிய மனசு!

ஆனால் இதில் ஒரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் வானொலியில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் போகும், பாடியவருக்குப் போகாது. வானொலியில் அந்தப் பாட்டு எத்தனை முறை முழங்கினாலும் அரீத்தாவுக்கு அதில் பங்கு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2012-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி, ஒரு பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்தால், வேறொருவர் அதைப் பாடிப் பதிவு செய்யலாம். முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். உரியவருக்குப் பணம் கட்ட வேண்டும். இது மறுபடி பாடியது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் நியாயமே. முதலில் உழைத்தவன் வயிற்றில் அடிக்கக் கூடாது.

ஆனால் இன்னொன்றும் சொல்கிறது சட்டம். தொழில் முறையில் அவசியப்பட்டால் ஒழிய, பாட்டையோ மெட்டையோ மாற்றக் கூடாதாம்! கல்யாண வீட்டுப் பெரியவர் சட்டசபைக்குப் போய் எழுதினாரோ என்னவோ! உரிமை உள்ளவர் சம்மதித்தால் மாற்றலாம். பெரிய கம்பெனியிடம் போய்ச் சம்மதம் வாங்க ஏழைப் பாடகனால் முடியுமா?

பாட்டு எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆகிவிட்டால் இந்தத் தடை இல்லை. கம்பர் பிழைத்தார்!

மாற்றுவது என்றால் கண்டபடி மாற்றுவது அல்ல. அர்த்தம் தெரியாமல் துக்கப் பாட்டைத் துள்ளல் பாட்டாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வளைவு போட்டு வித்தை காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கம்பர் கதைக்காக மாற்றினார். இவர்கள் கைதட்டலுக்காக மாற்றுகிறார்கள். பெரியவர் இவர்கள்மீது கோபப்படட்டும், யாரும் தடுக்கவில்லை.

மறந்துபோன பெயர்

பாரதிதாசன் எழுதிய 'துன்பம் நேர்கையில்' பாட்டைத் தெரியாதவர் உண்டா?

அதற்குத் தேஷ் ராகத்தில் மெட்டு அமைத்தவர் எம்.எம்.தண்டபாணி தேசிகர். தம் கணீர்க் குரலில் கச்சேரிகளில் பாடினார். 1951-ம் ஆண்டு, மெய்யப்பச் செட்டியாரின் 'ஓர் இரவு' படத்தில் அதே மெட்டில் எம்.எஸ்.ராஜேஸ்வரியும் வி.ஜே.வர்மாவும் பாடினார்கள்.

தேசிகர் பாடினால் கோவில் மண்டபத்தில் கேட்பது போல இருக்கும். ராஜேஸ்வரி பாடினால் விளக்கு வைத்த நேரத்தில் வீட்டுத் திண்ணையில் கேட்பது போல இருக்கும். சோர்ந்து வந்தவனுக்கு ஆறுதல் தரும் பாட்டு அது. அதற்குத் திண்ணையே பொருத்தம். இந்த வகையில் படப் பாட்டு ஒரு படி மேல் என்றே சொல்லலாம்.

ஆனால் அதைக் கேட்பவர்களில் எத்தனை பேருக்குத் தேசிகர் பெயர் தெரியும்? சினிமாப் பாட்டு என்பார்கள். மிஞ்சிப்போனால் பாரதிதாசன் பாட்டு என்பார்கள். மெட்டுப் போட்ட மனிதர் மறைந்துவிட்டார்!

கம்பர் வால்மீகியை முன்னே நிறுத்திவிட்டுத்தான் பாட ஆரம்பித்தார். கல்யாண மேடையில் மைக் பிடிக்கிறவருக்கு அது முடியாதா? அரை நிமிஷம் போதும். "அடுத்த பாட்டு பாரதிதாசன் எழுதியது. மெட்டு தண்டபாணி தேசிகர். படத்தில் பாடியவர்கள் ராஜேஸ்வரி, வர்மா. இன்று பாடப்போவது இந்த ஊர்ப் பெண்" என்று சொல்லட்டும்.

பிறகு அந்தப் பெண் தன் இஷ்டம்போலப் பாடட்டும்.