ஏழு டெசிபல்

கேபிள் இன்டர்நெட் படுத்துவிட்டால் நம் ஊரில் முதல் வைத்தியம் ஒன்றுதான். 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க ஸார்!' பல சமயம் அது பலிக்கவும் செய்கிறது. மோடம் எழுந்து, சேனலைத் தேடிப் பிடித்து, லெவலைப் புதிதாகச் சரி செய்துகொள்கிறது. ஆனால், தினம் நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ண வேண்டியிருந்தால் அது வைத்தியம் இல்லை, வியாதி.

எங்கள் கீழ் வீட்டு ஆடிட்டர் மாமாவுக்கு அந்த வியாதி. (ஆடிட்டர் இல்லை, வரி ஆலோசகர். குடியிருப்பே அப்படிக் கூப்பிடுகிறது, அவரும் மறுத்ததில்லை.) மாதாமாதம் 20-ம் தேதிக்குள் கடைக்காரர்களின் ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ், கட்டாத வரிக்கு 18 சதவிகித வட்டி. மாமா உட்கார்ந்து, ஓ.டி.பி. வரவழைத்து, டைப் அடிப்பதற்குள் லைன் போய்விடும்.

புது ரௌட்டர் வாங்கினார். 50 எம்.பி.பி.எஸ். பிளானை 100 ஆக்கினார். லைன் 100-லும் அதே அழகாகப் போயிற்று. கேபிள் ஆபீஸில், 'எங்க சைடுல எல்லாம் ஓகே ஸார், உங்க கம்ப்யூட்டர்லதான் பிராப்ளம்.' கம்ப்யூட்டர்காரர், 'லைன்லதான் ஸார்.'

18-ம் தேதி ராத்திரி மாடியேறி வந்தார். "ஏம்ப்பா, நீ பி.காம். படிச்சவன்தானே? கொஞ்சம் வந்து பாரேன்!"

பி.காமுக்கும் மோடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்க வேண்டாம். டிரயல் பேலன்ஸ் டாலி ஆகவில்லை என்றால் லெட்ஜரைக் கிழித்துப் போட மாட்டோம். பாதியாகப் பிரித்து, வித்தியாசம் எந்தப் பக்கம் என்று பார்ப்போம். இங்கேயும் அதேதான்.

முதல் பிரிவினை, வை-ஃபையா லைனா? ஒரு லேன் ஒயரைக் கம்ப்யூட்டரில் நேராகச் செருகிப் பாருங்கள். ஒயரில் ஓடி, வை-ஃபையில் நொண்டினால், ரௌட்டரை ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அல்லது 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் ஒரே சேனலில் மோதுகின்றன. 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்ததற்கு மாறுங்கள். மாமா வீட்டில் ஒயரிலும் லைன் போயிற்று. புது ரௌட்டர் தண்டச் செலவு. அதை நான் சொல்லவில்லை, மாமியே சொன்னார்.

இரண்டாவது, வீட்டுக்குள்ளா தெருவிலா? கேபிள் மோடம் தன் கஷ்டத்தைத் தானே எழுதி வைத்திருக்கும். பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்தால் பெரும்பாலான மோடங்கள் ஒரு பக்கத்தைக் காட்டும். வரும் சிக்னல் பொதுவாக மைனஸ் 7-க்கும் பிளஸ் 7-க்கும் நடுவில் இருந்தால் ஆரோக்கியம். மாமாவுக்கு மைனஸ் 13. மோடம் திருப்பி அனுப்புவது 51. அதாவது, காது கேட்காமல், தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒட்டடைக்குள் இரண்டு ஸ்ப்ளிட்டர்கள், ஒன்றன் பின் ஒன்றாக. டி.வி.யை எப்போதோ டிஷ்ஷுக்கு மாற்றிவிட்டார். இவை மட்டும் குடியிருக்கின்றன. இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்றும் சுமார் மூன்றரை டெசிபல் தின்னும். இரண்டையும் கழற்றிவிட்டு ஒயரை நேராக ஜாயின்ட் பண்ணினேன். மைனஸ் 13 இருந்த இடத்தில் மைனஸ் 6. ஐம்பத்தொன்று, நாற்பத்து நாலு. ஏழுக்கு ஏழு, டாலி!

பால்கனி கனெக்டரில் செம்பு பச்சை பூத்திருந்தது. மழைத் தண்ணீர். மறுநாள் கேபிள் பையன் வந்து அதை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டான். லூஸ் கனெக்டர் வெளி இரைச்சலைப் பிடித்து மேலே அனுப்பும். பல வீட்டு இரைச்சலும் ஓரிடத்தில் போய்ச் சேரும். ஒரு வீட்டுக் கனெக்டரால் எதிர் வீட்டுப் பையனின் ஆன்லைன் இன்டர்வியூவும் போகலாம்.

20-ம் தேதி மத்தியானமே மாமா எல்லா ரிட்டர்னையும் போட்டுவிட்டார். ஆனால், ராத்திரி 9 மணிக்கு ஸ்பீடு இறங்குவது நிற்கவில்லை. அது வேறு கணக்கு. ஒரே கேபிளைப் பல வீடுகள் பங்கு போடுகின்றன. எல்லாரும் படம் பார்க்கும் நேரத்தில் பங்கு சுருங்கும். நம் வீட்டில் எதைத் திருகினாலும் பிரயோஜனமில்லை, கேபிள்காரர்தான் தெருவைப் பிரிக்க வேண்டும். சட்டம் பேசியும் லாபமில்லை. 2023 ஜனவரியில் வந்த விதிப்படி 2 எம்.பி.பி.எஸ். இருந்தாலே அதன் பெயர் பிராட்பேண்ட்! எம்.பி.பி.எஸ்.ஸை எட்டால் வகுத்தால்தான் நாம் டவுன்லோடில் பார்க்கும் மெகாபைட். 100 வாங்கியவருக்கு 12.5 வந்தால் அதற்கும் சண்டை போடாதீர்கள்.

"ஸ்லோவா இருக்கு"ன்னு சொன்னால் பழைய பதில்தான் வரும். எண்ணைச் சொல்ல வேண்டும். மாமா ஒரு நோட்டில் கோடு போட்டு, லேன் ஒயரிலேயே சோதித்து, தினம் மூன்று வேளை எழுதுகிறார். காலை 6 மணிக்கு 94. மத்தியானம் 88. ராத்திரி 9-க்கு 18. ஒரு வாரக் கணக்கைப் பார்த்த கேபிள் ஆபீஸ்காரர், முதல் தடவையாக, "எங்க சைடுல பார்க்கிறோம் ஸார்" என்றாராம். மாமா அதையும் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறார்.