போகிக்கு முன் ஒரு முறை

2014 நவம்பர் மழையில் புதுச்சேரி கடற்கரையில் மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம் அது. பழுதானது ஊருக்கே தெரியும். யார் கை வைப்பது என்பதில்தான் ஆண்டுகள் கழிந்தன. பிறகு உலக வங்கி நிதியில் அதே தோற்றத்தில் கட்டி, 2021-ல் திறந்தார்கள். தோற்றம் திரும்பியது. பழைய சுவர் திரும்பவில்லை.

அதனால்தான் செயின்ட் லூயி தெருவில் பழைய கட்டடத்தில் இயங்கும் நம் அருங்காட்சியகத்தைப் பற்றி இப்போதே பேச வேண்டும். அரிக்கமேட்டு மண்ணிலிருந்து வந்த ரோமானிய மதுச்சாடித் துண்டுகள், மணிகள், சோழர் செப்புத் திருமேனிகள், பின்னாலிருந்து ஆள் தள்ளிச்சென்ற பூஸ்பூஸ் வண்டி: ஈராயிரம் ஆண்டு ஊர்க்கதை அந்த ஒரு கூரையின் கீழ் இருக்கிறது.

கடலோரத்துப் பழைய வீடுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டினார்கள். சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, காரை உதிரும். ஆகவே சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை அமர்த்துவதும், மழைக்கு முன்பே மாடித் தூம்பைத் துப்புரவு செய்வதும் அரசின் கடமை. அதில் சாக்குப்போக்குக்கு இடமில்லை.

ஆனால் கட்டடத்தை அரசு காத்தாலும், அதற்குள் வைக்கவேண்டிய வரலாற்றில் பாதி நம் வீடுகளில் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இவ்வூரில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு, அவர் குடும்பத்தாரிடம் இருந்ததால்தான் 1846-ல் கல்வா மோம்ப்ரேன் என்பவரின் கண்ணில் பட்டது. 1761-ல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கிய பிறகும் அந்த ஏடுகள் பிழைத்தன. காப்பாற்றியது ஒரு குடும்பத்தின் பொறுப்புணர்வு.

சைகோனில் வேலை பார்த்த தாத்தாவின் கடிதம், ஆலைத் தொழிலாளியின் சம்பளச் சீட்டு, பிரெஞ்சில் எழுதிய நிலப்பத்திரம் இன்றும் எத்தனையோ பரண்களில் செல்லரித்துக் கிடக்கின்றன. மூலத்தைக் கொடுக்க மனம் வராவிட்டால் படியெடுக்கவாவது தரலாம். படியெடுத்துப் பத்திரமாகத் திருப்பித்தரும் ஏற்பாட்டை அருங்காட்சியகம் செய்யட்டும். பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு பொழுது ஒதுக்கட்டும். வெள்ளை நகரத்து வீடுகளால் வருமானம் பார்க்கும் விடுதிக்காரர்கள், தங்க வருகிறவர்களை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைக்கட்டும்.

மார்கழிக் கடைசியில் வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து பழைய தகரப்பெட்டியை இறக்குவோம். போகித் தீயில் போடுமுன், அந்தப் பெட்டியை ஒரு முறை திறந்து பாருங்கள்.