கத்தரிக்கோல் யார் கையில்?

பதினாறு வயதுப் பெண் பள்ளிக்கூட நாடகத்தில் மேடையேறி ஒரு பையனை முத்தமிடலாமா? குடியும் கொலையும் தவறான உறவும் வருகிற நாடகத்தைப் பள்ளிப் பிள்ளைகள் நடிக்கலாமா? நடித்தால், எதை வெட்டுவது? யார் வெட்டுவது?

"இதென்ன கேள்வி! கூடாது என்றால் கூடாது" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். "சினிமாவில் பார்க்காததையா குழந்தைகள் மேடையில் பார்த்துவிடப் போகிறார்கள்?" என்று வேறு சிலர் சிரிப்பீர்கள். இரண்டு கட்சியாரும் சற்றுப் பொறுத்து, அமெரிக்காவில் ஒரு சிறிய ஊரில் நடந்ததைக் கேளுங்கள். 'அமெரிக்கா சமாசாரம் நமக்கெதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பேரனோ பேத்தியோ அந்த நாட்டுப் பள்ளியில் படிக்கும் பாட்டிமார் நம் வாசகிகளில் இல்லாமலா போய்விட்டார்கள்!

அந்த நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் நாடகம் என்பது ஆண்டு விழாவன்று அரை மணி நேரம் ஆடிவிட்டுப் போகிற சங்கதி அல்ல. பல பள்ளிகளில் அதற்கென்றே ஓர் ஆசிரியர் உண்டு. வாரக் கணக்கில் ஒத்திகை நடக்கும். டிக்கெட் விற்பார்கள், ஊரே வந்து பார்க்கும். ஆகையால் மேடையில் ஒரு வார்த்தை பிசகினாலும் மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சுத்தான்.

மிஸௌரி மாநிலத்தில் ஃபுல்டன் என்று ஓர் ஊர். 1946-ல் சர்ச்சில் துரை இங்குள்ள கல்லூரியில் பேசித்தான் 'இரும்புத் திரை' என்ற சொல்லை உலகமெங்கும் பரப்பினார். 2005-ல் அதே ஊரில் வேறொரு திரை விழுந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 'கிரீஸ்' என்ற இசை நாடகத்தை நடித்தார்கள். 1950-களின் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய கதை அது. நாடக ஆசிரியை எச்சரிக்கையானவர். கொச்சை வசனங்களை மட்டுப்படுத்தினார். கஞ்சாவைச் சிகரெட்டாக மாற்றினார். சின்னக் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று பெற்றோருக்கு முன்கூட்டியே அறிவித்தும் விட்டார்.

ஒரு மாதம் கழித்து, பள்ளிகளின் மேலதிகாரிக்கு மூன்று கடிதங்கள் வந்தன. குடிக்கிறார்கள், புகைக்கிறார்கள், முத்தமிடுகிறார்கள் என்று புகார். எழுதியவர்களில் ஒருவர் நாடகத்தைப் பார்க்கவே இல்லை, கேள்விப்பட்டதோடு சரி! அதிகாரியோ, நாடகப் பிரதியைப் படிக்காமலே முதலில் அனுமதி கொடுத்தவர். இப்போது வீடியோவைப் போட்டுப் பார்த்தார். புகார் நியாயந்தான் என்று தீர்மானித்தார். அத்துடன் விட்டாரா? அடுத்து நடக்கவிருந்த நாடகத்தையும், வம்பு வந்துவிடும் என்று பயந்து, நிறுத்திவிட்டார்.

நிறுத்தப்பட்ட அந்த நாடகம் எது தெரியுமா? ஆர்தர் மில்லர் எழுதிய 'தி குரூசிபிள்'.

1692-ல் ஸேலம் என்ற ஊரில் சில சிறுமிகள், இன்னார் சூனியக்காரி, இன்னார் சூனியக்காரன் என்று கைகாட்ட, அதை நம்பிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்தச் சரித்திரத்தை வைத்து 1953-ல் அரங்கேறிய நாடகம் இது. கதாநாயகன் பிராக்டர் வீட்டு வேலைக்காரப் பெண்ணிடம் தவறி நடந்தவன். ஆனால் அது கதை தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்த தவறு. நாம் பார்ப்பதெல்லாம் அதன் பலனைத்தான். மனைவியின் உயிரைக் காப்பாற்ற, நிறைந்த சபையில் தன் குற்றத்தைச் சொல்லித் தன் பெயரைத் தானே கெடுத்துக் கொள்கிறான். கடைசியில், பொய் வாக்குமூலத்தைக் கொடுத்தால் உயிர் பிழைக்கலாம் என்ற நிலையிலும் மறுத்துத் தூக்குமேடை ஏறுகிறான்.

கேட்டதை நம்பி ஊரே தவறு செய்த கதையைச் சொல்லும் நாடகத்துக்கு இந்தக் கதி! அதற்குப் பதில் பிள்ளைகள் நடித்தது ஷேக்ஸ்பியரின் 'கோடை நள்ளிரவுக் கனவு'. தகப்பன் பேச்சை மீறிக் காதலனுடன் காட்டுக்கு ஓடும் பெண்ணும், மருந்து மயக்கத்தில் கழுதைத் தலையனிடம் காதல் கொள்ளும் ராணியும் அதில்தான் வருகிறார்கள். ஷேக்ஸ்பியர் என்றால் யாரும் கடிதம் எழுத மாட்டார்கள் போலிருக்கிறது! ஆசிரியை அந்த ஆண்டோடு வேலையை விட்டுப் போனார்.

* * *

கடிதம் எழுதியவர்களைக் கேலி செய்து முடித்துவிடலாம். அது நியாயமாகாது. ஒரு நாடகத்தைப் படிப்பது வேறு, நடிப்பது வேறு. புத்தகத்தில் வருகிற முத்தத்தைப் பெண் தனியே படித்துவிட்டுப் போகிறாள். மேடையில், தன் உடம்பாலும் குரலாலும், அண்டை அயலார் முன்னால், நாளைக்கும் அதே வகுப்பில் உட்காரப் போகிற பையனோடு அதை அவள் செய்து காட்ட வேண்டும். போதாக்குறைக்கு இந்தக் காலத்தில் கூட்டத்தில் பாதிப் பேர் கையில் கேமரா வைத்த தொலைபேசி இருக்கிறது. அவளுக்கு இஷ்டமில்லாவிட்டாலும், வேஷம் போய்விடுமே என்று வாயைத் திறக்க மாட்டாள். தாயார் கவலைப்பட்டால் அதைக் கட்டுப்பெட்டித்தனம் என்று எப்படிச் சொல்வது?

ஆனால், கவலைக்கு மருந்து கத்தரிக்கோல்தானா?

இங்கிலாந்தில் 1807-ல் 'குடும்ப ஷேக்ஸ்பியர்' என்று ஒரு பதிப்பு வந்தது. தகப்பனார் குடும்பத்தார் நடுவே கூச்சமில்லாமல் உரக்கப் படிக்கத் தகாதவற்றையெல்லாம் வெட்டிய பதிப்பு. வெட்டியவர் ஹென்றியெட்டா பௌட்லர் என்ற மாது. ஆனால் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. பிறகு 1818-ல் விரிவாக வந்தபோது, சகோதரர் தாமஸின் பெயர் அதில் இருந்தது. மணமாகாத பெண்மணி ஒருத்திக்கு அந்த வரிகளின் அர்த்தம் புரிந்தது என்று வெளியே தெரியலாமா, அதனால்தான் என்பார்கள்! எதை வெட்டுவது என்று தெரிய வேண்டுமானால் முதலில் எல்லாவற்றையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஃபுல்டனில் விட்டுப்போனது அந்த முதல் வேலைதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அதே மிஸௌரியில் ஹேஸல்வுட் என்ற ஊரில், மாணவர் பத்திரிகையிலிருந்து சில கட்டுரைகளைத் தலைமையாசிரியர் நீக்கியதால் ஒரு வழக்கு வந்தது. 1988-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது. பள்ளி தன் பெயரில் நடத்தும் பத்திரிகை, நாடகம் முதலியவற்றைக் கல்வி நோக்கோடு கட்டுப்படுத்தலாம் என்றார்கள். ஆக, அதிகாரம் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் நம் கேள்வி.

2007-ல் கனெக்டிகட் மாநிலத்தில் வில்டன் பள்ளி மாணவர்கள், இராக் யுத்தத்துக்குப் போன சிப்பாய்களின் சொற்களைக் கோத்து ஒரு நாடகம் தயாரித்தார்கள். பள்ளி அதைத் தடுத்தது. பிள்ளைகள் நியூயார்க்கில் போய் மேடையேற்றினார்கள்! அந்த யுத்தத்தில் அந்த ஊர்ப் பையன் ஒருவனும் இறந்திருந்தான். புண்பட்ட குடும்பங்களை நினைத்துப் பார்ப்பது பெரியவர்களின் கடமைதான். ஆனால் பதினெட்டு வயதில் போருக்கு அனுப்பலாம், பதினேழு வயதில் அதைப் பற்றிப் பேச மட்டும் கூடாது என்றால், பிள்ளைகள் ஏன் என்று கேட்க மாட்டார்களா?

* * *

எனவே, இந்த வாரம் என் அபிப்பிராயம் இதுதான். பெரியவர்கள் தேர்ந்தெடுக்கட்டும், அது அவர்கள் பொறுப்பு. ஆனால் முழுப் பிரதியையும் படித்த பிறகு, வேஷம் பிரிப்பதற்கு முன்னால் செய்யட்டும். நாடகத்தில் தப்பு நடக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அந்தத் தப்புக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்றும் பார்க்கட்டும். எந்தப் பிள்ளையும், தனக்குக் கூச்சமான காட்சியை, வேஷத்தை இழக்காமலே மறுக்க இடம் இருக்கட்டும். முத்தம் வேண்டாமென்றால் கையைப் பிடித்துக்கொண்டாலே சபைக்கு விஷயம் புரிந்துவிடும். வசனத்தை மாற்ற வேண்டுமானால், உரிமை உடையவர்களிடம் கேட்டுக்கொண்டு மாற்றட்டும். பள்ளிகளுக்கென்றே சில இசை நாடகங்களுக்குத் தனிப் பதிப்பு இருக்கிறது; கேட்டு வாங்கலாம்.

ஒத்திகை தொடங்கிய பிறகு மூன்று கடிதத்துக்குப் பயந்து திரையை இறக்குவது மட்டும் வேண்டாம். நாடகம் கற்றுக்கொடுக்காத ஒரு பாடத்தை அது குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிடும்: உரக்கக் கத்துகிறவன் சொல்வதே நியாயம் என்ற பாடம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை அடுத்த முறை நாடகத்தில் வேஷம் கிடைத்திருக்கிறது என்று ஓடி வந்தால், உடை என்ன, பவுடர் என்ன என்று கேட்பதற்கு முன்னால், "பிரதியைக் கொடு, படித்துப் பார்க்கிறேன்" என்று கேளுங்கள். படித்து முடித்த பிறகு ஆட்சேபம் இருந்தால் தாராளமாகக் கடிதம் எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கு மதிப்பு உண்டு.