கபினிக் கரையில் இரண்டு இரவு

பீமரத சாந்தியைத் திருக்கடையூரில் முடித்துக்கொண்டு கும்பகோணம் திரும்பிய அன்று ராத்திரி, பெங்களூரில் இருக்கும் என் மகள் ஒரு கவரைக் கையில் கொடுத்தாள். "கோயில் உங்க திருப்திக்குப்பா. இது எங்க திருப்திக்கு" என்றாள். பிரித்துப் பார்த்தால், கபினி ஆற்றங்கரையில் ஒரு காட்டு விடுதியில் இரண்டு இரவு தங்க ஏற்பாடு. சஃபாரி, படகு, எண்ணெய் மசாஜ் எல்லாம் சேர்த்து.

"கபினியா?" என்றேன்.

"ஏம்ப்பா, பிடிக்கலையா?"

பிடிக்காமல் என்ன? ஆனால் நம் பக்கத்து ஆட்களுக்குக் கபினி என்பது போய்த் தங்குகிற இடமா? அது ஒரு செய்தி. ஜூலை மாதம் பேப்பரைப் பிரித்தால் "கபினி அணை நிரம்பியது, உபரி நீர் திறப்பு" என்று போட்டிருக்கும். அதைப் படித்த பிறகுதான் நமக்குக் காபி இறங்கும். பொதுப்பணித் துறையில் நான் இருந்த முப்பத்து மூன்று வருஷமும், மேட்டூர் நீர்மட்டத்தைக் கேட்ட கையோடு கபினி நிலவரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்வது வழக்கம். முழுக் கொள்ளளவு 19.52 டி.எம்.சி. நிரம்பினால் கடல் மட்டத்திலிருந்து 2,284 அடி. பேத்தியின் பிறந்தநாளை மறந்தாலும் மறப்பேன், இந்த எண்கள் மறக்காது. அப்படி எண்ணாகவே தெரிந்த ஒரு ஆற்றை எழுபதாவது வயதில் கண்ணால் பார்க்கப் போனேன். போய் வந்ததில் ஒரு விஷயம் மனதில் உட்கார்ந்துகொண்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் மாதம். நம்மூரிலிருந்து மைசூர் எக்ஸ்பிரஸ். மைசூரில் மகளும் மாப்பிள்ளையும் காரோடு நின்றார்கள். அங்கிருந்து ஹெக்கடதேவனகோட்டை வழியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயணம்.

விடுதி முழுவதும் "பாரம்பரியம்" என்ற ஒரே எண்ணத்தை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டுக் கூடம் மகாராஜாக்களின் வேட்டை மாளிகை போல. அறைகள் அந்தக் காட்டுப் பழங்குடியினரின் குடிசைகள் போல. பழங்குடிக் குடியிருப்புக்கு அங்கே ஹாடி என்று பெயர். மேலே கூரை வேய்ந்திருக்கிறது, சுவருக்கு மண் நிறம் பூசியிருக்கிறது. உள்ளே ஏ.சி., காபி மெஷின், பின்கட்டில் ஆளுக்கொரு குட்டி நீச்சல்குளம். என் மனைவி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "குடிசைன்னா இப்படியில்ல இருக்கணும்" என்றாள்.

ஸ்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மகள் கோபித்துக்கொள்வாள். சின்ன வயதில் சனிக்கிழமைதோறும் அம்மா முற்றத்தில் மணையைப் போட்டு உட்கார்த்தி, உச்சியில் நல்லெண்ணெயை வைத்து அரக்கித் தேய்ப்பாள். சீயக்காய் கண்ணில் பட்டு ஊரைக் கூட்டியிருக்கிறேன். அதே எண்ணெயை இங்கே மங்கலான விளக்கிலும் புல்லாங்குழல் இசையிலும் ஒரு கேரளத்துப் பையன் தேய்த்துவிட்டான். கட்டணத்தை இங்கே எழுதமாட்டேன். என் முதல் மாதச் சம்பளத்தைப்போல எத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், நிறுத்திவிட்டேன். ஆனால் பொய் சொல்லக்கூடாது, முழங்கால் வலி இரண்டு நாள் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் பட்டியலில் காட்டுத் தேன் பூசிவிடும் சிகிச்சையும் இருந்தது. "பழங்குடியினரின் பாரம்பரியம்" என்று பக்கத்தில் எழுதியிருந்தது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

விடியற்காலையில் ஜீப். நாகரஹொளே காடு. புள்ளிமான், காட்டெருது, ஒரு செந்நாய்க் கூட்டம் எல்லாம் பார்த்தோம். திடீரென்று மான் ஒன்று எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும் நான்கு திசையிலிருந்தும் ஜீப்புகள் பறந்து வந்தன. புலி! ஒரு வாலும் அரை முதுகும் புதருக்குள் போனதைப் பார்த்தேன். பக்கத்து ஜீப்பில் இருந்த இளைஞர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். புலி அல்ல, அந்தக் காட்டில் பிரபலமான கருஞ்சிறுத்தைதான் அவருக்கு வேண்டுமாம். கல்யாண வீட்டில் பால்பாயசம் இல்லை என்று கோபித்துக்கொள்ளும் சம்பந்தி ஞாபகம் வந்தது.

எனக்குக் கண் நிறைந்தது மாலைப் படகில்தான். கோடையில் அணையின் தண்ணீர் இறங்க இறங்க, வெளியே வந்த நிலத்தில் பசும்புல் முளைக்கிறது. சுற்றுக் காடுகள் காய்ந்து கிடக்கும் நேரத்தில் யானைகள் அந்தப் புல்லைத் தேடி வருகின்றன. நாற்பது வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். ஒரு குட்டி தன் தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் தானே மிதித்துக்கொண்டு தடுமாறியது. என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று. தண்ணீருக்கு நடுவே பட்டுப்போன மரங்கள் மொட்டையாக நின்றன. "அணை வர்றதுக்கு முந்தி இதெல்லாம் காடும் கிராமமும்" என்று படகுக்காரர் சொன்னார். அதை மகள்தான் கன்னடத்திலிருந்து சொன்னாள். அப்போது அது காதில் விழுந்ததோடு சரி.

அன்று இரவு சாப்பாட்டுக் கூடத்தில் சுவர் நிறைய இருந்த பழைய புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரும்பாலும் 'கெட்டா' படங்கள். கெட்டா என்றால், யானைக் கூட்டத்தைத் தப்பட்டை, தீப்பந்தம், வெடியோடு விரட்டி, ஆற்றைக் கடக்க வைத்து, பெருமரங்களை நட்டுக் கட்டிய வேலிக்குள் அடைத்துப் பிடிப்பது. நம் ஆனைமலைப் பக்கத்தில் குழி வெட்டிப் பிடித்தார்கள். மைசூரில் இந்த முறை. சாண்டர்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1870களில் அங்கே தொடங்கி வைத்தது. பிறகு வைஸ்ராய்க்கும் இளவரசர்களுக்கும் மகாராஜா காட்டும் பெரிய வேடிக்கையாகவே அது ஆகிவிட்டது. கடைசிக் கெட்டா இந்தக் காக்கனகோட்டைக் காட்டில்தான், 1971ல் நடந்தது. படங்களின் கீழே மகாராஜா பெயர், வைஸ்ராய் பெயர், துரைமார் பெயர், அவர்களோடு வந்த சீமாட்டிகளின் பெயர்கூட இருந்தது. பின்னால் வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான ஆட்களுக்குப் பெயர் இல்லை.

எங்கள் அறையைக் கவனித்துக்கொண்ட தம்பி தட்டு எடுக்க வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். ஜேனு குருபர் இனம். கன்னடத்தில் ஜேனு என்றால் தேன். காட்டில் தேன் எடுத்தவர்கள், யானையின் தடம் பார்த்தவர்கள், யானைப்பாகர்கள். நான் படத்தையே பார்ப்பதைக் கண்டு, "எங்க தாத்தா கெட்டாவில் ஓட்டினவர் சார்" என்றான்.

"இதுல யாரு தம்பி உங்க தாத்தா?" என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன்.

சிரித்தான். "யாருக்குத் தெரியும் சார்? இருக்கலாம். பேர் போடலையே."

பிறகு மெல்ல மெல்லப் பேசினான். அவர்கள் ஹாடி ஆற்றோரம் இருந்ததாம். அணை வந்ததும் அது தண்ணீருக்குள் போய்விட்டது. வேறிடத்தில் குடிவைத்தார்கள். கோடையில் தண்ணீர் இறங்கும்போது அவன் பாட்டி கரையில் வந்து நின்று, "அதோ அந்த மொட்டை மரத்துக்கு இந்தப் பக்கம்" என்று கையைக் காட்டுவாளாம். இப்போது பாட்டி இல்லை. எந்த மரம் என்று அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அந்த அணை 1974ல் கட்டப்பட்டது. நமக்காகக் கட்டியது இல்லை, அந்தக் காலத்தில் நம் பக்கம் எதிர்ப்புதான் இருந்தது. ஆனாலும் அது நிரம்பினால் உபரி நமக்கு. "கபினி நிரம்பிடுச்சு" என்று எத்தனை வருஷம் எத்தனை விவசாயிகளிடம் மலர்ந்த முகத்தோடு சொல்லியிருக்கிறேன்! நிரம்புகிற ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு பாட்டியின் அடையாள மரம் மூழ்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. 2,284 என்ற எண்ணுக்கு அடியில் வீடு இருந்தது என்று எந்தப் பதிவேட்டிலும் நான் படித்ததில்லை.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட விடுதிகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தம்பிக்கு வேலை அங்கேதான் கிடைத்திருக்கிறது. காட்டைப் பார்க்க ஆள் வருவதால் காட்டுக்குக் காவலும் கவனமும் கூடுகிறது என்பதும் பொய்யில்லை. நானும் அனுபவித்துவிட்டுத்தான் பேசுகிறேன். என் குறை ஒன்றே ஒன்றுதான். பாரம்பரியம் என்று விலைபோட்டு விற்கிறவர்கள் அதை முழுசாகச் சொல்ல வேண்டும். யானையைப் பிடிக்க வைத்தவர் பெயரைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, பிடித்தவர் பெயரை விட்டுவிட்டால் அது பாதிப் பாரம்பரியம். குடிசையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, குடிசைக்காரன் எங்கே போனான் என்று சொல்லாமல் இருப்பது கால் பாரம்பரியம்கூட இல்லை.

தேன் விஷயத்தைப் பாருங்கள். அந்தச் சிகிச்சைக்குத் தேன் எங்கிருந்து வருகிறது என்று வரவேற்பில் கேட்டேன். "மைசூரிலிருந்து சப்ளை சார்" என்றார்கள். தேனின் பெயரையே தங்கள் பெயராக வைத்திருக்கும் மக்கள் பக்கத்து ஹாடியில் இருக்கிறார்கள். 1972ல் வனவிலங்குச் சட்டம் வந்து, காடு தேசியப் பூங்காவானபின், அவர்கள் முன்போல உள்ளே போய்த் தேன் எடுக்க முடியவில்லை. 2006ல் வந்த வன உரிமைச் சட்டம் காட்டுப் பொருள் சேகரிக்கும் உரிமையை ஏட்டில் தந்தது. கைக்கு வந்து சேர இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். அவர்கள் எடுக்கும் தேனுக்குத் தடை, அவர்கள் பெயரில் பூசும் தேனுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம். இது எந்த ஊர் நியாயம்?

பாரம்பரியம் என்றால் இன்னொன்றையும் சுவரில் மாட்டலாம். நாகரஹொளே காட்டுக்குள்ளேயே ஒரு பெரிய நிறுவனம் ஓட்டல் கட்டியபோது, அந்தப் பழங்குடி மக்களின் அமைப்பு வழக்குப் போட்டது. 1997ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எந்த மகாராஜா படத்துக்கும் குறைந்த பெருமை இல்லை அது.

"அதெல்லாம் எதுக்கு மாமா, ரிலாக்ஸ் பண்ண வந்த இடத்துல" என்றார் மாப்பிள்ளை. அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வாரம் ஆறு நாள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர், பாவம். ஆனால் உண்மையைத் தெரிந்துகொண்டால் சந்தோஷம் குறைந்துவிடும் என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு வருகிறவர்களுக்கு ராஜராஜன் பெயர் மட்டுமா கிடைக்கிறது? அங்கே ஆடிய தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேரின் பெயரையும், அவர்கள் குடியிருந்த வீதியையும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அதனால் கோயிலின் அழகு குறைந்துபோனதா என்ன? ஒரு புகைப்படத்தின் கீழே நாலு பெயர் எழுத இந்தக் காலத்தில் என்ன கஷ்டம்? தெரிந்த பெயர் இல்லையென்றால், பக்கத்து ஹாடிப் பெரியவர்களைக் கூப்பிட்டுக் காட்டினால் ஒன்றிரண்டு முகமாவது அடையாளம் தெரியாதா? அந்தப் பெரியவர்களும் எத்தனை நாளைக்கு இருப்பார்கள்?

மறுநாள் காலைப் படகில் அதே புல்வெளியை வேறு கண்ணால் பார்த்தேன். கெட்டா நடந்த அந்தப் பழைய ஆற்றங்கரையும் அணை நீரில்தான் போயிற்று. எங்கே யானைகளை விரட்டி அடைத்தார்களோ, அந்தப் பக்கத்திலேயே இன்று அவை குட்டிகளோடு மேய்கின்றன. மைசூர் தசராவில் எட்டு வருஷம் தங்க அம்பாரி சுமந்த அர்ஜுனன் யானைகூட 1968ல் இங்கே கெட்டாவில் பிடிபட்டதுதான். 2023 டிசம்பரில், காட்டு யானை பிடிக்கும் வேலையில் கொம்பன் ஒன்றோடு மோதிச் செத்துப்போனது. அதற்குக் கர்நாடகமே அழுதது. யானைகளுக்கு இடம் திரும்பக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அவற்றோடு வாழ்ந்த மனிதர்களுக்குப் பெயராவது திரும்பக் கிடைக்கட்டும் என்கிறேன்.

கிளம்பும்போது விருந்தினர் புத்தகத்தை நீட்டினார்கள். எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லோரும் "அருமை", "மறுபடி வருவோம்" என்று எழுதியிருந்தார்கள். நான் எண் போட்டு மூன்று வரி எழுதினேன். ஆபீஸ் பழக்கம் போகுமா? ஒன்று, படங்களில் உள்ள பாகர்கள், ஓட்டிகளின் பெயரைத் தேடி எழுதுங்கள். இரண்டு, படகில் ஏறுகிறவர்களுக்கு இந்தத் தண்ணீருக்கடியில் என்ன இருந்தது என்று அங்கே வாழ்ந்த குடும்பத்து ஆள் ஒருவரைக் கொண்டே சொல்லவையுங்கள், அதற்குத் தனிச் சம்பளம் கொடுங்கள். மூன்று, தேனை அவர்களிடம் வாங்க வழியிருக்கிறதா என்று வனத்துறையோடு பேசுங்கள், இல்லையென்றால் அவர்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மேலாளர் படித்தார். மரியாதையாகத்தான் தலையாட்டினார். "தலைமை அலுவலகத்துக்கு அனுப்பறேன் சார்" என்றார். அந்த வார்த்தையை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்குத்தானே தெரியும்.

உங்கள் பிள்ளைகளும் இப்படிக் கவரை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். போய் வாருங்கள். ஏப்ரலில் போனால் யானை நிச்சயம் நிறையப் பார்க்கலாம். ஜீப் குலுக்கும், இடுப்பு பெல்ட் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு கொண்டுவருகிற தம்பியிடம், படகு ஓட்டுகிறவரிடம், "உங்க ஊர் எதுப்பா, அது முன்னாடி எங்க இருந்தது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால், சுவரில் பெயர் தானாக ஏறும்.

இந்த வருஷமும் ஜூலையில் செய்தி வரும். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும், வயலுக்குத் தண்ணீர் வேண்டாமா? ஆனால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் காபியைக் கையில் எடுக்கும்போது, அந்த மொட்டை மரமும் நினைவுக்கு வரும்.